ஊதா வந்து நிற்கும் வரை

என் வீட்டு வைஃபை டப்பாவில் ஒரே ஒரு விளக்குதான். டப்பா சோப்புப் பெட்டி அளவு, விளக்கு கடுகு அளவு. அந்தக் கடுகோடு ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். அன்றைக்கு என் வேலையே அதன் கையில் இருந்தது.

நான் தமிழ் டீச்சர். இருபது வருஷம் வகுப்பில் நின்று கத்திய தொண்டை என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த பள்ளியை மூடிவிட்டார்கள். அதன்பிறகு சென்னையில் கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் பள்ளிப் பள்ளியாக ஏறி இறங்கினேன். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். வீட்டில் சும்மா இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. திருத்துவதற்குப் பிள்ளைகள் இல்லாததால் வீட்டுக்காரரைத் திருத்த ஆரம்பித்தேன். பால்காரர், கீரைக்காரம்மா, மாடி வீட்டு அக்கா என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. “தண்ணி வந்துகினு கீது டீச்சர்” என்று அக்கா மாடிப்படியில் நின்று சொன்னால், “வந்துகொண்டிருக்கிறது” என்று கீழிருந்து நான் சொல்வேன். அக்கா பம்மலில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் கோபமே வராது. “நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிச்சா இல்லியா? புரிஞ்சிச்சில்ல? போய் மோட்டார நிறுத்துங்க” என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆன்லைனில் பாடம் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று தெரியவந்தது. விண்ணப்பித்தேன். மாதிரி வகுப்பு ஒன்று நடத்திக் காட்டச் சொன்னார்கள். நடத்தினேன், நான்கு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபி, இன்டர்நெட் கேபிளை ஒரே கடியில் கடித்துத் துப்பியது. கடைசியாக அந்தப் பிள்ளைகள் பார்த்தது வாயைத் திறந்தபடி உறைந்துபோன என் முகத்தைத்தான்.

அந்தப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் அம்மா நல்ல மாதிரி. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். “வர்ற சனிக்கிழமை உங்க நேரம் பதினோரு மணிக்கு வெச்சுக்கலாம்ங்க. ஆனா இந்தத் தடவையும் லைன் போச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. வேற ரெண்டு பேர் வெயிட்டிங்ல இருக்காங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது குரலில் தெரிந்தது.

கேபிள்காரர்கள் பள்ளம் மூடாமல் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என் செல்போனை நம்பலாமென்றால், தரைத்தள வீடு. உள்ளே ஒரு புள்ளி டவர்கூடக் கிடைக்காது. யாரிடமாவது பேசவேண்டுமென்றால் நான் கேட்டுக்கு ஓடவேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ப் ரோட்டில் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை.

அவர்தான் இந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வேறொரு கம்பெனி சிம் போட்டால் எங்கள் தெருவில் நன்றாக எடுக்கும் என்றார். கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த கடைசிப் பீஸ் அது. அட்டைப்பெட்டி இருந்தது, உள்ளே இருக்கவேண்டிய கையேடு எங்கேயோ போய்விட்டது.

“புக்கெல்லாம் எதுக்குக்கா? நான் சொல்றேன், கேட்டுக்கோங்க” என்று விரலை மடக்கினார். “சிம்மு காலைலதான் ஆக்டிவேட் ஆவும். ஆன் பண்ணா மொதல்ல செவப்பு எரியும். செவப்புன்னா நெட்டு இல்ல. அது மின்னிகினு இருந்தா டவர தேடிகினு கீதுன்னு அர்த்தம். அப்பால ஊதா வரும். ஊதா வந்து அப்படியே நின்னுச்சுன்னா நெட்டு வந்துட்ச்சு. ஊதா வந்து நிக்கிற வரைக்கும் லேப்டாப்ப கனெக்ட் பண்ணிடாதீங்க, ஹேங் ஆயிடும்.”

சிவப்பு, மின்னும் சிவப்பு, ஊதா. மூன்றே மூன்று. வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குச் சனிக்கிழமையும் உண்டு. “நீ அதைப் போட்டு நோண்டாம இருந்தாலே போதும், தானா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரி பேச்சைக் கேட்டாலே எனக்குக் கை துறுதுறுக்கும்.

ஏழே முக்கால் மணிக்கு டப்பாவை ஆன் செய்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். பழைய பள்ளியின் வருகைப் பதிவேடு ஒன்று எழுதாமல் என்னிடம் இருந்தது. அதைத் திறந்து விளக்கின் நடத்தையைக் குறித்துக்கொள்ள உட்கார்ந்தேன். சிவப்பு வந்தது, ஆஜர் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மின்ன ஆரம்பித்தது. அதற்கும் ஆஜர். பிறகு சிவப்பு போய் நீலம் வந்தது.

நீலத்தைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றுமே சொல்லவில்லையே என்று யோசித்தேன். நடுவில் வரும் ஏதோ ஒரு கட்டமாக இருக்கும், அடுத்து ஊதா வரும் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. நீலம் அசையாமல் நின்றது. பத்து நிமிடம் ஆயிற்று. ஊதாவைக் காணோம். சரி, எங்கோ சிக்கிக்கொண்டது என்று டப்பாவை அணைத்து மறுபடி ஆன் செய்தேன்.

மறுபடியும் அதே சிவப்பு, அதே மின்னல், அதே நீலம்.

மூன்றாவது முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சிவப்பு அணைவதற்கும் நீலம் எரிவதற்கும் நடுவில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அந்த ஒரு கணம், கண்ணிமைக்கிற நேரம்தான், விளக்கு அசல் ஊதாவாக இருக்கிறது. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சந்தேகத்துக்கு நான்காவது முறையும் அணைத்துப் போட்டேன். வந்தது. ஐந்தாவது முறையும் வந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஊதா வருகிறது. ஆனால் நிற்கமாட்டேன் என்கிறது.

கேட்டுக்கு ஓடி அவருக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, ஊதா வருது. ஆனா நிக்கல. வந்த உடனே போயிடுது.”

“நிக்கலையா? அப்போ டவர் வீக்கா கீதுக்கா. டப்பாவ ஜன்னலாண்ட வெச்சுப் பாருங்க.”

ஜன்னலோரம் வைத்தேன். நிற்கவில்லை. ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன், அரிசி டிரம் மேல் வைத்தேன், ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டுப் பரணில் வைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் டப்பாவை அணைத்து, போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு கண ஊதாவைப் பார்த்தேன். பரணில் வைத்தபோது ஊதா ஒரு இழை கூடுதலாக நின்ற மாதிரி இருந்தது. பதிவேட்டில் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். உண்மையைச் சொன்னால், பதினோரு மணி நெருங்கிக்கொண்டிருந்தாலும், அந்த ஆராய்ச்சி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக எதையும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

மறுபடி கேட்டுக்கு ஓட்டம். இந்த முறை கடையில் கூட்டம் போலிருக்கிறது, அவசரமாகப் பேசினார்.

“சிம்ம கழட்டித் தொடச்சுப் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“இப்போ இன்னா எரியுது?”

“ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். போட்டா ஊதா வருது, நிக்க மாட்டேங்குது.”

“அக்கா, அப்போ நேரா மொட்டமாடிக்குப் போயிடுங்க. அங்க நிக்கும்.”

நீலம் என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது, வளவளவென்று எழுதாதே என்று இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர் ஊதாவைப் பற்றிக் கேட்டார், நான் ஊதாவைப் பற்றிச் சொன்னேன். அவர் அவருடைய ஊதாவுக்கு வைத்தியம் சொன்னார், நான் அதை என்னுடைய ஊதாவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடிக்கு ஏறும்போது மணி பத்தேகால். முழங்கால் வலி வேறு. கார்த்திகை மாதம், பல்லாவரம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு விமானம் மேகத்துக்குள்ளிருந்து தாழ இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் டவர் இருக்கிறதென்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தென்னை மரங்களுக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று தெரிந்தது. அதற்கு நேராகக் கைப்பிடிச் சுவர்மேல் டப்பாவை வைத்து, பூஜை செய்கிற மாதிரி முன்னால் நின்று ஆன் செய்தேன். சிவப்பு. மின்னல். அந்த ஒரு கண ஊதா. பிறகு நீலம்.

அதற்குமேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன். அழுகை வந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக நான் வண்ணங்கள் பாடம்தான் தயார் செய்து வைத்திருந்தேன். சிவப்புக்குத் தக்காளி, மஞ்சளுக்கு எலுமிச்சம்பழம், ஊதாவுக்குக் கத்தரிக்காய் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அட்டை வரைந்திருந்தேன். பதினோரு மணிக்கு அவர்கள் ஐந்து பேரும் திரையின் முன்னால் வந்து உட்காருவார்கள். நான் இருக்கமாட்டேன். இனி யாரும் என்னை வகுப்புக்குக் கூப்பிடப் போவதில்லை என்று தோன்றியது.

தூறல் விழ ஆரம்பித்தது. மாடி வீட்டு அக்கா தடதடவென்று ஏறிவந்தார். கொடியின் இந்தக் கோடியிலிருந்து துணிகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இன்னா டீச்சர், மழைல நின்னுகினு கீறீங்க? அந்த ஊதா பொடவய கொஞ்சம் எடுங்க, நனைஞ்சிடப் போவுது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை முந்தானைக்குள் பத்திரப்படுத்தினேன். கொடியின் அந்தக் கோடிக்குப் போனேன். ஒரு சிவப்புத் துண்டு, ஒரு வெள்ளை லுங்கி, ஒரு நீலப் புடவை. நான் ஊதாப் புடவையைத் தேடினேன்.

“எங்கக்கா? இங்க ஊதா ஒண்ணும் இல்லியே.”

“இன்னா டீச்சர் நீங்க! கண்ணு எதுர்க்க தொங்கிகினு கீது, இல்லன்றீங்க!”

“இதுவா? இது நீலம்க்கா.”

“நீலமோ கீலமோ. எங்க வூட்ல அது ஊதா. எடுங்க மொதல்ல, கொட்டப் போவுது.”

கை புடவையில் இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பிறகு மெதுவாக முந்தானையை விலக்கி டப்பாவைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புடவையின் அதே நிறம். அசையாமல், கண் சிமிட்டாமல், நான் அணைக்காத காரணத்தால் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

“அக்கா, இது என்ன நிறம் சொல்லுங்க” என்று டப்பாவை நீட்டினேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஊதாதான். இன்னாத்துக்கு கேக்குறீங்க? கண்ணு கிண்ணு சரியில்லையா?”

காலையிலிருந்து அது வந்து வந்து நின்றுகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் நான்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். ஊதா என்றால் கத்தரிக்காய் நிறம், வேறெதுவும் இல்லை என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு எனக்குத் தமிழ் தெரிந்திருந்தது. இதில் இன்னொரு கூத்து, அந்தச் சொல்லே உருதுவிலிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பள்ளியில் ஒரு முறை அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எங்கிருந்தோ வந்து சேர்ந்த சொல்லுக்கு நான் வாசலில் நின்று காவல் காத்திருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, கூடவே சிரிப்பும் வந்தது.

நீலப் புடவையைத் தோளில் போட்டபடியே படிகளில் இறங்கினேன். முழங்கால் வலி ஞாபகத்துக்கு வரவில்லை. மணி பத்து ஐம்பது. டப்பாவைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன், விளக்கு மாறவில்லை. லேப்டாப்பைத் திறந்து இணைத்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒட்டிக்கொண்டது. வெள்ளைத் திரையில் ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் முகம் தெளிவாக வந்தது.

“நல்லாத் தெரியுதுங்க. ஆரம்பிக்கலாமா?” என்றார்.

ஆரம்பித்தேன். ஐந்து பிள்ளைகள். தக்காளியைக் காட்டினேன், எலுமிச்சையைக் காட்டினேன். சிவப்பில் ஒரு பொருள் கொண்டு வாருங்கள் என்றதும் எல்லோரும் நாற்காலியை விட்டு ஓடினார்கள். மஞ்சள் என்றால் மறுபடி ஓட்டம். எனக்கு உயிர் வந்தது. கடைசியாகக் கத்தரிக்காய் அட்டையை எடுத்து, காட்டுவதற்கு முன்னால், “ஊதா நிறத்தில் ஒண்ணு கொண்டு வாங்க, பார்க்கலாம்” என்றேன்.

ஒருவன் திராட்சைக் கொத்தோடு வந்தான். மூன்று பேர் கிரேயான் எடுத்து வந்தார்கள். மூலையில் இருந்த கட்டத்தில் ஒரு பெண் குழந்தை, அதுவரைக்கும் எதைக் காட்டியும் வாய் திறக்காமல் இருந்தவள், ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். நல்ல நீல நிறம்.

“தப்பு! அது நீலம்!” என்று திராட்சைக்காரன் கத்தினான்.

அந்தப் பாட்டில் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. முந்தின நாள் வரைக்கும் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இவ்வளவு கத்தாமல், இனிக்க இனிக்கச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

“பாட்டிலைக் கீழ இறக்காதேம்மா. அதை ஊதான்னு உங்க வீட்ல யார் சொல்லுவாங்க?”

பாட்டிலை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். பிறகு, “அப்பா” என்றாள்.

“எங்க மாடி வீட்டு அக்காவும் அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க வீட்லயும் ஒரு ஊதா இருக்கு, பாக்கறீங்களா?” என்று டப்பாவைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இரண்டு கையாலும் தூக்கி, கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். விளக்கு எரிந்தது. காலையில் நடந்த கதையை ஒன்று விடாமல் சொன்னேன். ஃபிரிட்ஜ், அரிசி டிரம், பரண், எல்லாம். திராட்சைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். “புத்தகத்துல ஊதான்னா கத்தரிக்காய் நிறம். நிறைய வீட்ல ஊதான்னா இந்த நிறம். ரெண்டும் தெரிஞ்சவங்களுக்கு நெட் சீக்கிரம் வரும்” என்றேன். அந்தப் பெண் பாட்டிலைக் கடைசிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கை வலித்திருக்கும்.

பிள்ளைகள் போனபிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தாண்டிவிட்டது, எழுதிக் கொடுத்த பாடத்திட்டத்தில் இந்தக் கதை இல்லை, போயிற்று என்றுதான் நினைத்தேன்.

“நீங்க அஞ்சு நிமிஷம் கூட எடுத்துட்டீங்க” என்றார். பிறகு, “அந்தப் பாட்டில் வெச்சிருந்தாளே, அவ இதுவரைக்கும் மூணு டீச்சரோட டெமோல உக்காந்திருக்கா. இன்னிக்குத்தான் அவ குரலை நானே கேக்கறேன். அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து வந்துடுறீங்களா?” என்றார்.

வருகிறேன் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்பது நினைவில்லை. திரை அணைந்தபிறகும் மேசையிலிருந்து எழுந்திருக்க மனம் வரவில்லை. தோளில் ஈரமாக ஏதோ உறுத்தியது. பார்த்தால் அக்காவின் புடவை. வகுப்பு முழுக்க அதைப் போட்டுக்கொண்டேதான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அதை மாடியில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால், குடையை விரித்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கடைக்காரர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“இன்னாக்கா, ஊதா வந்துட்ச்சா?”

“வந்துட்ச்சுண்ணா” என்றேன்.

“நிக்குதா?”

“நிக்குது.”